வானலையில் ஒரு வாத்தியார்!

திருவிழா நாளில், ஒரே தெருவில் நான்கு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, நான்கிலும் நான்கு பாட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? ஒரு பாட்டும் காதில் விழாது, இரைச்சல்தான் மிஞ்சும். யாரும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றால், கடைசியில் போலீஸ் வந்து, நான்கையும் கழற்றிக்கொண்டு போய்விடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் வானலையில் இதே கூத்துதான் நடந்தது குட்டீஸ்... எல்லாவற்றையும் கழற்றிப் போட அரசாங்கமும் தயாராக நின்றது. அப்போது, வீட்டு மாடியில் ரேடியோ வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான், ஹிராம் பெர்சி மேக்சிம்.

இவர், 1869ம் ஆண்டு, செப்டம்பர் 2ம் தேதி, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அப்பா பெயரும் ஹிராம் மேக்சிம்தான். மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அதே மேக்சிம்! சித்தப்பா ஹட்சன் மேக்சிம், வெடிமருந்து ஆராய்ச்சியில் கெட்டிக்காரர். ஆக, அந்தக் குடும்பத்தில் டமால் டுமீலுக்குப் பஞ்சமே இல்லை. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அப்பாவின் காது மந்தமாகிவிட்டது.

பெர்சி சிறுவனாக இருந்தபோதே, அப்பா இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் அம்மாவிடம் வளர்ந்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில், 16 வயதிலேயே படிப்பை முடித்தார் பெர்சி. பிறகு, இயந்திரங்களோடுதான் வாழ்க்கை. பகலில் தொழிற்சாலை வேலை. இரவில், மூன்று சக்கர வண்டியில் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் வேலை. அமெரிக்காவில் மோட்டார் கார் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத காலம் அது. இந்தத் திறமையைப் பார்த்து, கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்போர்டு நகரில் இருந்த போப் சைக்கிள் கம்பெனி, 1895ல் அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டது. அங்கே கார்களை வடிவமைத்தார்.

அப்பா உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார் என்றால், மகன் அதை அடக்கக் கிளம்பினார். குளியல் தொட்டியிலிருந்து தண்ணீர் வடியும்போது, சுழன்று சுழன்று, சத்தமில்லாமல் போவதை ஒருநாள் கவனித்தாராம். துப்பாக்கிக் குழலிலிருந்து சீறி வரும் வாயுவையும் இப்படிச் சுழல விட்டு, மெதுவாக வெளியேற்றினால் என்ன என்று தோன்றியது. அதன் பலன்தான், 'சைலன்சர்!' இதற்கு, 1909ல் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் அவருடைய கம்பெனி, இன்ஜின்களின் புகைக்குழாய்ச் சத்தத்தை அடக்கும் கருவிகளைத் தயாரித்தே புகழ்பெற்றது.

இப்படிச் சத்தத்தோடு மல்லுக்கட்டியவர், நாற்பது வயதுக்கு மேல் ஒரு புதுப் பொழுதுபோக்கில் விழுந்தார். அங்கே இருந்ததோ, இதைவிடப் பெரிய இரைச்சல்.

அது, கம்பியில்லாத் தந்தி. வீட்டிலேயே கருவி செய்து, மோர்ஸ் குறிகளில் முகம் தெரியாத நண்பர்களோடு பேசுவது. சம்பளத்துக்காக இல்லாமல், ஆசைக்காகச் செய்பவர்கள் என்பதால், இவர்களை அமெச்சூர்கள் என்றனர்; 'ஹாம்' என்பது செல்லப்பெயர். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மாணவர்கள்.

அன்றைய டிரான்ஸ்மிட்டர், தீப்பொறியை உண்டாக்கி வேலை செய்தது. கூர்மையான பென்சிலால் கோடு போட வேண்டிய இடத்தில், ஒரு வாளி பெயின்டை வீசினால் எப்படி இருக்கும்? தீப்பொறிக் கருவி அப்படித்தான். ஒரே ஒரு அலைவரிசையில் நிற்காமல், அக்கம்பக்கத்து அலைவரிசைகளிலும் தெறிக்கும். ஒருவர் சாவியைத் தட்டினால், சுற்று வட்டாரத்தில் மற்றவர் பேச்சு அடிபட்டுப் போகும்.

கப்பல்களும், கடற்படையும், கடற்கரை நிலையங்களும் இதே வானலையைத்தான் நம்பியிருந்தன. 1912ம் ஆண்டு, ஏப்ரல் மாதம், 'டைட்டானிக்' கப்பல் மூழ்கியபோது, கரையில் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து, ஏகப்பட்ட குழப்பம். அந்தப் பழியில் ஒரு பங்கு, அமெச்சூர்கள் தலையிலும் விழுந்தது. அது முழுக்க நியாயமான பழி இல்லை என்பது வேறு விஷயம். அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க அரசு ரேடியோ சட்டம் கொண்டு வந்தது. அமெச்சூர்கள் உரிமம் பெற வேண்டும். 200 மீட்டரும் அதற்குக் குறைவான அலைநீளமும்தான் அவர்களுக்கு என்று எழுதி வைத்துவிட்டது.

அலையின் நீளம் கூடக்கூட, அதன் அதிர்வெண் குறையும். 200 மீட்டர் அலை என்றால், நொடிக்கு 15 லட்சம் அதிர்வுகள். அதாவது, 1,500 கிலோ ஹெர்ட்ஸ். நீளமான அலைதான் தூரம் போகும் என்று, அன்றைய நிபுணர்கள் நம்பினர். ஆகவே, நல்ல நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, கரட்டு நிலத்தைப் பிள்ளைகளிடம் தள்ளியதாகத்தான் அவர்கள் நினைத்தனர். பிள்ளைகளோ, உள்ளதில் நீளமான அலை வேண்டும் என்று, அத்தனை பேரும் 200 மீட்டரிலேயே போய்க் குவிந்தனர். பேருந்தின் ஒரே படிக்கட்டில் ஊரே தொங்கியது போல!

இந்த நெரிசலுக்குள்தான் மேக்சிமும் இருந்தார். ஹார்ட்போர்டில் அவருடைய ரேடியோ நிலையம், ஒரு கிலோவாட் திறன் கொண்டது.

1914ம் ஆண்டு, ஏப்ரல் மாதத்தில் ஒருநாள். சுமார் 40 கி.மீ., தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகர அமெச்சூர் ஒருவருக்கு, மேக்சிம் அவசரமாக ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. எவ்வளவு முயன்றும் எட்டவில்லை. நடுவழியில், வின்சர் லாக்ஸ் என்ற ஊரில், தெரிந்த அமெச்சூர் ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரை அழைத்தார். அவர் செய்தியை வாங்கி, அந்தப் பக்கம் அனுப்பி வைத்தார், வேலை முடிந்தது.

மேக்சிமுக்குப் பொறி தட்டியது. வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி, கிணற்றிலிருந்து தண்ணீரைக் கொண்டு போவதில்லையா? அதேபோல், ஊருக்கு ஒரு ஹாம் இருந்தால், அமெரிக்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே செய்தி போகுமே! கிளாரன்ஸ் டஸ்கா என்ற, 20 வயதைக்கூட எட்டாத இளைஞரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அந்த ஆண்டே, 'அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1915 டிசம்பரில், 'கியூ.எஸ்.டி.,' என்ற பத்திரிகையும் வந்தது. எல்லா நிலையங்களுக்குமான பொது அழைப்பைக் குறிக்கும் ரேடியோ குறிதான், அந்தப் பெயர். 1917 பிப்ரவரியில், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குக் கைமாற்றிச் செய்தி போய், பதிலும் திரும்பி வந்தது. ஆன நேரம், 1 மணி 20 நிமிடம்தான்!

ஆனால், கைமாற்றும் வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் நிற்பவர் காதில் செய்தி விழ வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், பொழுது போகாமல் சாவியைத் தட்டிக்கொண்டே இருந்தால், சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். ஒரு கண்ணி பிசகினாலும், நூறு பேர் உழைப்பு வீண்.

இதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? தலைவர் மேக்சிம், கண்டித்துக் கட்டுரை எழுதியிருக்கலாம். எழுதினால் யார் படிப்பார்கள்? வேறு வழி பிடித்தார்.

1917 ஜனவரி முதல், கியூ.எஸ்.டி.,யில் ஒரு 'கிழவர்' எழுதத் தொடங்கினார். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வெறும் 'கிழவர்'. எதைப் பார்த்தாலும் எரிந்து விழும் சிடுமூஞ்சி. அழுகிப்போன இடைஞ்சல் என்பதுதான் முதல் கதையின் தலைப்பு. அடுத்தடுத்து வந்த கதைகளின் தலைப்பிலும், ஏதாவது ஒன்று அழுகிக்கொண்டே இருந்தது. யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுகிறவர்கள், எழுத்தை ஒழுங்காக அடிக்கத் தெரியாதவர்கள், ஒன்றும் இல்லாததற்கு மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் என, எல்லாரையும் அந்தக் கிழவர் வறுத்தெடுத்தார். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். சிரித்து முடித்ததும், போன வாரம் தானும் அதைத்தானே செய்தோம் என்று சிலருக்காவது உறைத்திருக்கும்.

வானலையில் அடாவடி செய்பவர்களைத் தண்டிக்க, 'வூப் ஹாங்' என்ற பயங்கர ஆயுதம் ஒன்று இருப்பதாகவும் கிழவர் எழுதினார். அது எப்படி இருக்கும், எப்படிப் பயன்படுத்துவது என்று யாருக்கும் தெரியாது.

இந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. 1917 ஏப்ரலில், முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியது. எல்லா அமெச்சூர் நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு. அனுப்புவது மட்டுமல்ல, கேட்பதும் கூடாது. ஆன்டெனாக்களை இறக்கினர். ஹாம்களில் பலர் ராணுவத்திலும், கடற்படையிலும் ரேடியோ வேலைக்குப் போயினர்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. தடை நீங்கும் என்று பார்த்தால், வானலை முழுவதையும் கடற்படையின் கட்டுப்பாட்டில் வைக்கும் மசோதா ஒன்று வந்து நின்றது. அது நிறைவேறினால், அமெச்சூர் ரேடியோவுக்கு அத்தோடு மூடுவிழாதான். மேக்சிம், வாஷிங்டனுக்குப் போய், காங்கிரஸ் குழுவின் முன் வாதாடினார். சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, நாடு முழுவதும் ஹாம்களும், அவர்களின் குடும்பத்தினரும் கடிதங்களாக எழுதிக் குவித்தனர். மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1919 ஏப்ரலில், கேட்க அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், மறுபடி பேசவும் முடிந்தது.

அந்த 1919ல்தான் சங்க அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர், கிழவர். உள்ளே, தேய்ந்துபோன இரண்டு மரத்துண்டுகளைக் கோணல்மாணலாகச் சேர்த்து, கம்பி சுற்றிய ஒரு விநோதப் பொருள். அதுதான் வூப் ஹாங்! இயக்குனர்கள் கூடி, அதைச் சட்டம் போட்டு, அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினர். அடிக்க ஓங்கப்படாத அந்தப் பிரம்பு, இன்றும் சங்கத்தின் தலைமையகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த சோதனை, 1920களில் வந்தது. பாட்டும், செய்தியும் ஒலிபரப்பும் நிலையங்கள் முளைத்தன. வீட்டுக்கு வீடு ரேடியோ பெட்டி. சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு கச்சேரி கேட்க உட்கார்ந்தால், பக்கத்துத் தெரு ஹாம் பையனின் தீப்பொறி, கர்... கர்... என்று குறுக்கே வரும். ஊரெல்லாம் புகார். ஒரு பக்கம் சில ஆயிரம் ஹாம்கள். மறுபக்கம் லட்சக்கணக்கான நேயர்கள். முட்டி மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

மேக்சிம் முட்டவில்லை. மாலை நேரத்தில், ஊர் கச்சேரி கேட்கும்போது, ஹாம்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொள்ளும் 'அமைதி நேரம்' என்ற வழக்கத்தைச் சங்கம் கொண்டு வந்தது. 1923ல், அரசும் இதை விதியாக்கியது. தினமும் இரவு 8:00 முதல், 10:30 மணி வரையும், ஞாயிறு காலை, தேவாலய வழிபாடு ஒலிபரப்பாகும்போதும், அமெச்சூர்கள் அனுப்பக்கூடாது. அவர்களுக்குப் பேச வாய்த்த முக்கியமான நேரமே, அந்த ராத்திரி நேரம்தான். அதை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. முணுமுணுத்தவர்கள் நிறைய பேர். நிறைய ஹாம்கள் நள்ளிரவுக்கு மேல் விழித்திருந்து பேசப் பழகினர். அக்கம்பக்கத்தில் தெறிக்காத புதிய வால்வு டிரான்ஸ்மிட்டர்களுக்கும் மாறினர்.

இதற்கிடையே, அந்தக் கரட்டு நிலத்தில் புதையல் கிடைத்தது! 1921 டிசம்பரில், அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கேட்கிறதா என்று ஒரு சோதனை. சங்கம் அனுப்பிய பால் காட்லி என்பவர், ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில், கொட்டும் மழையில் கூடாரம் போட்டுக் காத்திருந்தார். இங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால், அங்கே ஒன்றும் கேட்காதே! அதனால், நிலையங்களுக்கு நேரம் பிரித்துக் கொடுத்தனர். தன் முறை வரும்வரை, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தனர். கனெக்டிகட்டின் கிரீனிச் நகரிலிருந்து கிளம்பிய குறிகள், காட்லியின் காதில் தெளிவாக விழுந்தன. 1923 நவம்பரில், 110 மீட்டர் அலையில், அமெரிக்காவும் பிரான்சும் இரு பக்கமும் பேசிக்கொண்டன. உதவாது என்று ஒதுக்கப்பட்ட சிற்றலைகள்தான், உலகையே சுற்றி வந்தன.

உடனே, உலகத்தின் கண்ணெல்லாம் அந்த நிலத்தின் மேல் விழுந்தது. 1925ல், பாரிசில் பல நாட்டு ஹாம்கள் கூடி, 'சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியன்' அமைத்தனர், மேக்சிம்தான் தலைவர். 1927ல், வாஷிங்டனில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில், அலைவரிசைகளை நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. அமெச்சூர்களுக்கு இடமே தரக்கூடாது என்ற பேச்சும் எழுந்தது. மேக்சிமும், சங்கச் செயலர் கென்னத் வார்னரும் அங்கே இருந்து போராடினர். 160, 80, 40, 20, 10, 5 மீட்டர் என்று, துண்டு துண்டாக இடம் கிடைத்தது. ஆசைப்பட்டதைவிடக் குறைவுதான். ஆனால், அமெச்சூர் என்ற சொல், முதல்முறையாக உலக ஒப்பந்தத்தில் இடம் பிடித்தது.

அந்த 160 மீட்டர்தான், பல்லாண்டுகளுக்கு ஹாம்களின் மிக நீளமான அலை. 2007, 2012ம் ஆண்டுகளில் நடந்த உலக மாநாடுகள், அதைவிட நீளமான 2,200 மீட்டரையும், 630 மீட்டரையும் அவர்களுக்குத் திறந்தன. அமெரிக்க ஹாம்களுக்கு, 2017ல் இவை கிடைத்தன. இங்கே இடம் எவ்வளவு தெரியுமா? 2,200 மீட்டரில், மொத்த அகலமே 2.1 கிலோ ஹெர்ட்ஸ். ஒரே ஒரு மனிதக் குரல்கூட அதில் முழுசாக நுழையாது! ஆனாலும், மிக மெதுவான மோர்ஸ் குறிகளாலும், கம்ப்யூட்டர் குறிகளாலும் ஒல்லியாகி, பல பேர் அதற்குள் புழங்குகின்றனர். அலையின் கால் பங்கு உயரத்துக்கு ஆன்டெனா கட்டுவதென்றால், 550 மீட்டர் கோபுரம் வேண்டும். கொல்லைப்புறத்தில் அதற்கு எங்கே போவது? சின்னக் கம்பியைக் கட்டி, ஒரு வாட் அளவுக்கு மேல் போகாமல் ஒலிக்கின்றனர்.

அமெரிக்காவில், இந்த இரண்டு அலைகளிலும் பேச விரும்பும் ஹாம், முதலில் மின் நிறுவனங்களின் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். உயர் அழுத்த மின் கம்பிகளைக் கட்டுப்படுத்தும் குறிகள், இதே அலைவரிசைகளில் ஓடுவதுதான் காரணம். 30 நாட்களுக்குள் ஆட்சேபம் வராவிட்டால், ஆரம்பிக்கலாம். அத்தகைய கம்பி, ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் கூடாது. இதை எழுதும்போது, மேக்சிமின் அமைதி நேரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

மேக்சிம் சும்மா இருக்கவே தெரியாதவர். 1926ல், சினிமா எடுக்கும் அமெச்சூர்களுக்காகவும் ஒரு சங்கம் ஆரம்பித்தார். தன் அப்பாவின் குறும்புகளை, ஒரு சுவையான புத்தகமாக எழுதினார். கடைசியில், வானவியலில் ஆசை வந்துவிட்டது. 1936ல், கலிபோர்னியாவில் உள்ள லிக் வான் ஆய்வகத்தைப் பார்க்க ரயிலில் கிளம்பினார். வழியில் உடல்நிலை மோசமானது. கொலராடோ மாநிலம், லா ஹுன்டா என்ற ஊரில் இறக்கி, மருத்துவமனையில் சேர்த்தனர். பிப்ரவரி 17ம் தேதி, தன் 66ம் வயதில் அங்கேயே காலமானார்.

அதற்குப் பிறகுதான் ஹாம்களுக்கு அந்த ரகசியம் தெரிந்தது. 19 ஆண்டுகளாக, திட்டித் தீர்த்துச் சிரிக்க வைத்த சிடுமூஞ்சிக் கிழவர் வேறு யாருமில்லை; புன்னகையோடு சங்கத்தை நடத்திய தலைவர் மேக்சிமேதான்!

அவருடைய அழைப்புக்குறியான, 'டபிள்யூ 1 ஏ.டபிள்யூ.,' சங்கத்தின் தலைமை நிலையத்துக்குச் சூட்டப்பட்டது. கனெக்டிகட்டின் நியூவிங்டனில், 1938ல் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து, கற்றுக்கொள்பவர்களுக்காக மோர்ஸ் பாடம் ஒலிபரப்பாகிறது. எந்த நேரம், எந்த அலைவரிசை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றனர். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வசதியாக!

நம் நாட்டில், 12 வயது நிரம்பியவர்கள், மத்திய அரசின் தேர்வு எழுதி, ஹாம் உரிமம் பெறலாம். 'கியூ' எழுத்தில் தொடங்கும் குறிகள் பற்றி அந்தத் தேர்வில் கேட்பர். அவற்றில், கியூ.ஆர்.எம்., என்றால் இடைஞ்சல். கிழவர் கதைகளில் அழுகிப்போனதே, அதேதான். கியூ.ஆர்.எல்., போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால், இந்த அலைவரிசையில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்று அர்த்தம். வாயைத் திறக்கும் முன், ஹாம்கள் முதலில் தட்டுவது இதைத்தான். தட்டிவிட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பர்.